கடல் கடந்த முதலாளியும் நம் வீட்டுத் தொழிலாளியும்

(பங்கின் வைரவிழாவையொட்டி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று மாலை பங்கு மண்டபத்தில் தொழிலாளர் மன்றத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நமக்கு முன் பேசியவர்கள் கோயில் கோபுரத்தைப் பற்றியும், அதைக் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்த முன்னோரைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். அந்த மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள், யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் சற்றுப் பேச வந்திருக்கிறோம். அரைமணி நேரந்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் வங்காள தேசம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஆகவே அலங்காரம் எதுவுமின்றி விஷயத்துக்கு வருகிறோம்.

அறுபது ஆண்டுகளுக்கு முன், இந்தப் பங்கு தொடங்கிய நாளில், நம் வீட்டு ஆண்கள் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புக்கும் பூட்டுப் பட்டறைக்கும் சுருட்டுக் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். முதலாளி யார் என்பது அன்று எல்லாருக்கும் தெரியும். அவர் வீடு எந்தத் தெரு, அவர் காரின் நிறம் என்ன, அவர் மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம், எல்லாம் தெரியும். கூலி நிலுவை நின்றால் நாலு பேர் சேர்ந்து அவர் வாசலில் போய் நிற்கலாம். நின்றும் இருக்கிறார்கள், அடிபட்டும் இருக்கிறார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் பட்ட பாட்டையும் அவர்கள் சங்கம் கண்ட கதையையும் டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. படிக்காதவர்கள் படித்துப் பாருங்கள். நம் தாத்தாக்கள் அதில் இருக்கிறார்கள்.

இன்று நம் பெண்பிள்ளைகள் நூல் மில்லுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிறார்கள். விடியற்காலையில் கோயில் மணி அடிக்கும் முன்பே மில் வண்டியின் ஹாரன் அடித்துவிடுகிறது. இங்கே நூற்கிற நூல் திருப்பூருக்குப் போகிறது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அங்கே வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டுப் பெட்டியில் அடுக்கும்போது, அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு கம்பெனியின் பெயர் தைக்கப்படுகிறது. அதைத் தைக்கிற பிள்ளையிடம் "உன் முதலாளி யார்?" என்று கேட்டால், லைன் சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லும். கொஞ்சம் விவரமான பிள்ளையானால் மில் ஓனரின் பெயரைச் சொல்லும். அந்தச் சட்டைக்கு என்ன விலை, அதை எத்தனை நாளில் முடிக்க வேண்டும், இந்த ஆர்டர் உனக்கா பக்கத்து நாட்டுக்காரனுக்கா என்று தீர்மானித்த மனிதரின் பெயர் அதற்குத் தெரியாது. மில் ஓனருக்கே அந்த மனிதரோடு தொலைபேசியிலும் கணினியிலுந்தான் பழக்கம்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். விழா மலரில் அச்சாகப் போகிற பேச்சாயிற்றே, இது வேண்டாமே என்று மன்றத்திலேயே சிலர் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தபின் சொல்லிவிடுவதென்றே முடிவு செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளையின் கை ஒரு மில்லில் மெஷினில் சிக்கி இரண்டு விரல் போயிற்று. மில்லின் பெயர் வேண்டாம். "மூன்று வருஷம் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்" என்று ஊர் ஊராகச் சொல்லி ஆள் பிடித்தார்களே, சுமங்கலித் திட்டம் என்று, அந்த வகையில் போன பிள்ளை. பயிற்சியாளர் என்று பெயர். ஆனால் முழு ஷிப்டு வேலை. தகப்பனார் நம்மிடம் ஓடிவந்தார். மில் ஆபீசில் ஒரு தொகையைக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம்? "அண்ணே, பெரிய இடத்தோடு மோத வேண்டாம். இன்னும் ரெண்டு பொண்ணு அங்கேதானே வேலை பார்க்குது. கையெழுத்துப் போட்டுட்டு வாங்குங்க" என்று சொன்னோம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நம்மில் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. இ.எஸ்.ஐ.யில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்திருந்தால், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வந்திருக்கும். பெயரைச் சேர்க்காமல் விட்டது யார் குற்றம் என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. நாம் கெட்டவர்களல்லர். பயந்தவர்கள். அதோடு, கேட்பதானால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வங்காள தேசத்துக்கு வாருங்கள்.

டாக்கா நகரை ஒட்டி சாவார் என்று ஓர் ஊர். அங்கே ரானா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டடம். ஒன்பதாவது மாடியையும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மேல் மாடிகள் முறையான அனுமதியில்லாமல் கட்டியவை. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும். மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை தூண்களிலும் சுவர்களிலும் விரிசல் கண்டது. எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் ஆபத்தானது என்றார். தொலைக்காட்சியில்கூட அந்த விரிசலைக் காட்டினார்கள்.

மறுநாள் காலை வங்கி திறக்கவில்லை. கடைகளும் திறக்கவில்லை. ஆனால் தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். வாசலில் அவர்கள் தயங்கி நின்றார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டல் வந்தது. ஆர்டர் கப்பலேற வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. உள்ளே போனார்கள். காலை ஒன்பது மணியளவில் மின்சாரம் நின்றது. மேல்மாடிகளில் வைத்திருந்த பெரிய ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அதிர்ந்தது, சில நொடிகளில் மாடி மேல் மாடியாக உட்கார்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,134 பேர். காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். பெரும்பாலோர் பெண்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து பதினேழாம் நாள் ஒரு பெண்ணை உயிரோடு எடுத்தார்கள் என்பது ஒன்றுதான் அந்தச் செய்திகளில் ஆறுதலாக இருந்தது.

அதே கட்டடம், அதே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார். தையற்காரப் பெண் உள்ளே போனாள். இருவருக்கும் என்ன வேறுபாடு? அறிவிலா? அவள் விரிசலைத் தன் கண்ணாலேயே பார்த்தவள்தானே! வேறுபாடு இதுதான்: அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலும் சங்கம் இல்லை. "நாங்கள் உள்ளே போக மாட்டோம்" என்பது ஒருத்தி சொன்னால் அவளுக்கு வேலை போகும். ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னால் கட்டடக்காரன் பொறியாளரை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும். அந்த ஆயிரம் பேரும் வாசலில் ஒன்றாகத்தான் நின்றார்கள். ஆனாலும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நின்றாள்.

சங்கம் ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87-ஆம் எண், 98-ஆம் எண் உலக உடன்படிக்கைகளை வங்காள தேச அரசு 1972-லேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. (நம் இந்திய அரசு இவ்விரண்டையும் இதுவரை ஏற்கவில்லை, இது பலருக்குத் தெரியாது.) ஆனால் உள்நாட்டுச் சட்டமோ, ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கு முப்பது பேர் சேர்ந்தால்தான் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது. அப்படிச் சேர்ந்தவர்களின் பெயர்ப்பட்டியலைப் பதிவு அதிகாரி முதலாளிக்கும் அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தவரின் கதி என்னவாகும் என்பதை இங்கிருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடிந்து விழுந்த பிறகு, அதே 2013-இல், பெயர்ப்பட்டியல் கொடுக்கும் அந்த விதியை எடுத்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளின் சார்பில் தணிக்கைக்காரர்கள் முன்பே வந்து போயிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் பக்கத்து மில்களுக்கும் 'ஆடிட்' வருகிறதல்லவா? அன்றைக்கு மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும். முகக்கவசம் புதிதாகக் கொடுப்பார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல்நாளே சொல்லித் தருவார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்வதுதான் இது.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1911 மார்ச் 25-ஆம் நாள் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். அங்கும் இளம் பெண்கள்தாம், பிழைக்க வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். வெளியே போகும் கதவு பூட்டியிருந்தது. ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது: தைத்தவளும் அந்த நகரம், முதலாளியும் அந்த நகரம், சட்டை வாங்கி உடுத்தியவளும் பெரும்பாலும் அந்த நாடு. பெண்கள் மாடியிலிருந்து குதித்ததை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற அம்மையார் பின்னாளில், 1933-இல், அந்நாட்டின் தொழிலாளர் அமைச்சரே ஆனார். சங்கங்கள் ஊர்வலம் போயின, சட்டங்கள் மாறின. சாவாரில் அது முடியாது. சட்டை உடுத்தியவர் பார்க்கக்கூடிய தூரத்தில் அந்தக் கட்டடம் விழவில்லை.

இந்தத் தூரத்தைப் பற்றித்தான் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டு மனித வேலையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஒரு புதிய சொல்லைத் தந்தார். நேர்முக முதலாளி ஒருவர். மறைமுக முதலாளி ஒருவர். கூலியைக் கையில் கொடுப்பவர் நேர்முக முதலாளி. அந்தக் கூலி இவ்வளவுதான் இருக்க முடியும் என்று சூழ்நிலையை வகுப்பவர்கள், அரசாயினும், நாடு கடந்த கம்பெனியாயினும், மறைமுக முதலாளி. இருவருக்குமே பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். அவரே இளமையில் கல் குவாரியிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் கூலி வேலை பார்த்தவர். அதே மடலில், தொழிற்சங்கம் இன்றைய சமுதாயத்துக்கு இன்றியமையாத ஒன்று என்றும் சொன்னார். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1891-இல், பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் சங்கமாகச் சேர்வது மனிதனின் இயல்பான உரிமை, அரசுகூட அதைத் தடுக்க முடியாது என்று எழுதிவிட்டார். நாம் சிங்கராயர் என்கிற பெயரைத்தான் இன்றைய திருத்தந்தை 2025-இல் லியோ என்று ஏற்றுக்கொண்டார். தொழிலாளரைப் பற்றிய அந்தச் சுற்றுமடலே அதற்கு முக்கியக் காரணம் என்று அவரே கர்தினால்மார்களிடம் சொன்னார். இவ்வளவும் இருந்தும், நம் பங்கில் பெரியோரிடம் "சங்கம்" என்றால், ஏதோ சபைக்கு ஆகாத சொல்லைக் கேட்டதுபோல முகம் மாறுகிறது. வின்சென்ட் தே பவுல் சங்கம், மாதா சங்கம் எல்லாம் சரி. தொழிற்சங்கம் என்றால் மட்டும் "நமக்கெதுக்குப்பா அரசியல்" என்கிறோம்.

சாவாருக்குத் திரும்புவோம். அந்த ஆண்டு மே முதல் நாள், திருத்தந்தை பிரான்சிஸ், இறந்தவர்களுக்கு மாதம் 38 யூரோதான் கூலி என்று கேள்விப்பட்டு, அதற்கு அடிமை வேலை என்றே பெயர் சொன்னார். ஆனால் கண்டனத்தால் கதவு திறக்காது. திறந்தது வேறொன்று. இண்டஸ்ட்ரிஆல், யூனி என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கச் சம்மேளனங்களும் வங்காள தேசச் சங்கங்களும் சேர்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஓர் ஒப்பந்தத்தை நீட்டின. 2013 மே மாதத்திலேயே அது கையெழுத்தானது. படிப்படியாக இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதில் சேர்ந்தன. 'அக்கார்டு' என்றே உலகெங்கும் அதைச் சொல்கிறார்கள்.

அதில் புதுமை என்ன? இதுவரை கம்பெனிகள் 'நல்லெண்ண விதிகள்' என்று தாங்களே எழுதி, தாங்களே தணிக்கை செய்து, தாங்களே மார்க் போட்டுக்கொண்டன. இது அப்படியல்ல. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் சங்கம். சோதனையாளர்கள் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். அறிக்கை ஊரறிய வெளியாகும். பழுதைச் சரிசெய்யாத தொழிற்சாலைக்குக் கையெழுத்திட்ட எந்தக் கம்பெனியும் ஆர்டர் தரக் கூடாது. சரிசெய்யப் பணம் வேண்டுமே? அதற்கு வழி செய்யும் பொறுப்பு ஆர்டர் தரும் கம்பெனிக்கும் உண்டு. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு எழுத்தில் தரப்பட்டது. 1,600-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைச் சோதித்தார்கள். பூட்டிய கதவுகள் கழற்றப்பட்டன. தீத்தடுப்புக் கதவுகள் வந்தன.

கம்பெனி மீறினால்? 2016-இல் இரண்டு கம்பெனிகள் பழுது பார்க்கும் வேலையை வேகமாக முடிக்கச் செய்யவில்லை என்று சங்கங்கள் நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் உள்ள நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டன. 2017-லும் 2018-லும் இரண்டு கம்பெனிகளும் சமரசத்துக்கு வந்தன. ஒரு கம்பெனி மட்டும் 23 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. கடல் கடந்த முதலாளியின் வீட்டு வாசலைத் தொழிலாளி கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். நம் தாத்தாக்கள் தெருமுனை வரை நடந்து போய் நின்றார்கள். இவர்கள் ஹேக் வரை போய் நின்றார்கள். பின்னர் 2021-இல் அந்த ஒப்பந்தம் பன்னாட்டு ஒப்பந்தமாக விரிந்தது. 2023-இல் பாகிஸ்தானுக்கும் வந்தது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கட்டடம் கெட்டியாயிற்று, கூலி கெட்டியாகவில்லை. 2023-இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக் கேட்டு வங்காள தேசத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது மாதம் 23,000 டாக்கா, கிடைத்தது 12,500. போராட்டத்தில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது, தைத்து முடித்த துணிக்கே பணம் தர மாட்டோம் என்று சில கம்பெனிகள் கைவிரித்ததும் உண்டு. நெருப்பு அணையும் கதவைப் பற்றிப் பேசச் சம்மதித்த கம்பெனி, சட்டையின் விலையைப் பற்றிப் பேச இன்னும் சம்மதிக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2021 ஜனவரியில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று கொலையுண்டது; அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். வேலைத்தலத்தில் தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் வெளியே சொன்னார்கள். வழக்கமாக இது நாலு நாள் பேச்சோடு போயிருக்கும். ஆனால் பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தது. அந்தச் சங்கம் ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து, அந்தத் துணியை வாங்கும் கம்பெனிகளின் வாசலைத் தட்டியது. 2022-இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச் ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டன. உலகத் தொழிலாளர் பேச்சில் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன நம் ஊர்ப் பெயரை நியூயார்க்கிலும் ஸ்டாக்ஹோமிலும் தொழிலாளர் விஷயம் பேசுகிறவர்கள் உச்சரித்தார்கள். நம் பங்கில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டோம்?

அதில் நமக்குப் பிடித்தது பெரிய பெரிய விதிகளல்ல. ஒவ்வொரு 25 தொழிலாளிக்கும் ஒருத்தியை அவர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளராக்கிச் சங்கம் பயிற்சி கொடுத்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால், கையைப் பிடித்தால், சாதியைச் சொன்னால், ஒரு பிள்ளை போய்ச் சொல்ல அதே லைனில் இன்னொரு பிள்ளை இருந்தது. சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் இருந்தது. நிர்வாகம் மீறினால் ஆர்டரே பாதிக்கப்படும். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. முறையீடு இத்தனை வந்ததே என்று சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. நம் மில்லிலிருந்து ஒரு முறையீடும் வரவில்லையே, அங்கே எல்லாரும் சுகமாகவா இருக்கிறார்கள்?

நம்மில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். "சங்கம் வந்தால் மில்லை மூடிவிடுவான். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது?" இது பொய்யான பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். 1918-இல் சென்னையில் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. போன்றோர் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் நாட்டுக்கே முன்னோடி. அவர்கள் எதிர்த்து நின்ற பின்னி மில், வெள்ளைக்காரக் கம்பெனியின் மில். வாடியா மீதே நஷ்டஈட்டு வழக்குப் போட்டு அவர் கையைக் கட்டினார்கள். அந்த வழக்கினால் எழுந்த கிளர்ச்சியே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் அந்த பின்னி மில் 1996-இல் மூடப்பட்டதும் உண்மை. சங்கங்களும் குற்றமற்றவை அல்ல. கொடிக்கு ஒரு சங்கமாக உடைந்து, ஒன்றை ஒன்று காட்டிக்கொடுத்து, சந்தா வாங்கும் நாளில் மட்டும் முகம் காட்டிய தலைவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் ஆர்டர் ஓடிவிடும் என்ற பயத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். திருப்பூர்க்காரனிடம், "வங்காள தேசத்தில் இதைவிட மலிவாகத் தைக்கிறான்" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். டாக்காக்காரனிடம் வேறொரு நாட்டைக் காட்டிக் குறைக்கிறார்கள். கடைசியில் இரண்டு ஊர்ப் பெண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒருவர் சோற்றை ஒருவர் பறிக்கிறார்கள். சங்கம் இல்லாவிட்டால் ஆர்டர் நிலைத்து நிற்குமா? 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டதே, அப்போது திருப்பூரில் எத்தனை லைன் நின்றது? எந்தச் சங்கம் அதைச் செய்தது? ஆர்டர் போவது நம் வாயைப் பொறுத்ததன்று. வங்காள தேசத்துப் பிள்ளையின் கூலி உயர்ந்தால் நமக்கு நட்டம் என்று நினைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவள் கூலி உயர்ந்தால்தான் நம் கூலியைக் குறைக்க அவளைக் காட்ட முடியாது.

அவள் தூரத்தில் இருக்கிறாள் என்றும் எண்ண வேண்டாம். ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் கடைசிப் பெஞ்சில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மில் ஹாஸ்டலிலிருந்து அவர்களை வண்டியில் கூட்டிவந்து, பூசை முடிந்தவுடன் வண்டியிலேயே ஏற்றிப் போகிறார்கள். "இவங்க வந்ததாலேதான் நம்ம பிள்ளைங்களுக்குக் கூலி ஏறலே" என்று கோயில் வாசலிலேயே நாம் பேசுகிறோம். அவர்கள் பெயரை நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

சட்டமும் மாறியிருக்கிறது. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதே பெரிய வழக்காகி, 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தையும் அவற்றில் ஒன்றே எடுத்துக்கொண்டது. எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்கிறது அது. சங்கங்கள் இதை எதிர்க்கின்றன, நாமும் எதிர்க்கிறோம். ஆனால் அதே தொகுப்புகளில், எல்லாத் தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் அந்தக் கடிதம் இருக்கிறது? போன வாரம் பத்து வீட்டில் கேட்டுப் பார்த்தோம். இரண்டு வீட்டில் இருந்தது.

நேரமாகிவிட்டது என்று மேடைக்காரர் கை காட்டுகிறார். விழா மலரின் பின்னட்டைக்கு ஒரு மில்லின் வாழ்த்து விளம்பரம் வந்திருப்பதும் நமக்குத் தெரியும். மலர்க்குழுவினர் சங்கடப்பட வேண்டாம், நாம் யார் பெயரையும் சொல்லவில்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றியே. அவர்கள் மில்லிலும் நியமனக் கடிதம் கொடுப்பார்களானால் அதற்கும் நன்றி சொல்லக் காத்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு முதல் இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்பறையில் மன்றத்தார் இருப்போம். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றுமே இல்லையானாலும் வாருங்கள். மில்லில் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள். இந்தத் தடவை படித்துப் பார்க்கிறோம். இந்தி தெரிந்த அருட்சகோதரி ஒருவரையும் கேட்டிருக்கிறோம். கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் வண்டியை அரைமணி நேரம் நிறுத்திவைக்கப் பங்குத்தந்தை அவர்களே மில் ஆபீசில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விரல் போன அந்தப் பிள்ளையும், அதன் தகப்பனாரும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் இதைச் சொன்னோம்.